ஒரு ராத்திரி கேட்டோம், ஊர் குடுக்கல: டாக்காவுலயும் லாகூர்லயும் யார் குடுத்தாங்க?

சின்னாறு
ஞாயிறு, இரவு 10:14

நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கணும்.

எங்க ஊர் பாலக்கோடு பக்கம். திரௌபதி அம்மன் கோயில்ல அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா பாரதம் வைப்பாங்க. மத்தியானம் சொற்பொழிவு, ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில துரியோதனன் சாகற படுகளம். வர்ற வைகாசிக்கு வைக்கறதா போன வாரம் ஊர்க்கூட்டம் போட்டாங்க. தலைக்கட்டு வரி எவ்வளவு, எந்தச் செட்டுக்கு அச்சாரம்னு எல்லாம் பேசி முடிஞ்சதும் நாங்க ஆறு பேர் எழுந்து நின்னோம். ஓசூர் சிப்காட்ல ஷிப்ட் முடிச்சிட்டு வந்து ரூம் மாடியில ரெண்டு வருசமா நாடகம் பழகற கூட்டம். “இத்தனை ராத்திரியில ஒரே ஒரு ராத்திரி எங்களுக்குக் குடுங்க, புதுசா ஒரு நாடகம் போடறோம்”னோம்.

பெரியப்பா முறை ஒருத்தர். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“உங்களுக்கு வெத்தலப்பாக்கு யாருடா வெச்சது?”

கூட்டம் சிரிச்சுது, கலைஞ்சுது.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். எங்க பக்கம் கூத்துச் செட்டைக் கூப்பிடணும்னா தட்டுல வெத்தலை, பாக்கு, அச்சாரப் பணம் வெச்சு வாத்தியார் கையில குடுக்கணும். வாங்கிட்டார்னா அந்த ராத்திரிக்கு அந்தச் செட்டு அந்த ஊருக்குச் சொந்தம். மழையோ சாவோ, வந்தே தீரணும். வெத்தலப்பாக்கு வைக்காம ஆடறவன் தானா ஆடறவன். தானா ஆடறவனுக்கு ஊர்ல வேற பேர் இருக்கு.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்ல. தெற்காசிய நாடகம் பத்தி கொஞ்ச நாளா படிச்சுட்டு இருந்தேன். இப்ப அதையெல்லாம் பெரியப்பா கேள்வியைக் கையில வெச்சுக்கிட்டுத் திரும்பப் படிக்கறேன்.

பாதல் சர்க்கார்னு ஒருத்தர். கொல்கத்தாக்காரர், படிச்சது சிவில் இன்ஜினியரிங், பார்த்தது நகரத்துக்குப் பிளான் போடற வேலை. மேடை, செட்டு, லைட்டு, மேக்கப் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு உடம்பையும் குரலையும் மட்டும் நம்பி, பூங்காவுலயும் ஹால் தரையிலயும் ஆடினவர். அதுக்கு மூன்றாம் அரங்குன்னு பேர். அந்த ஒரு மனுசன் எழுதினது எங்கெங்க முளைச்சிருக்குன்னு பாருங்க. 1971ல வங்கதேசம் பிறக்குது. 1973ல டாக்காவுல ‘நாகரிக்’ங்கற குழு டிக்கெட் போட்டு, தொடர்ச்சியா நாடகம் நடத்த ஆரம்பிக்குது. முதல்ல எடுத்தது இவரோட ‘பாக்கி இதிஹாஸ்’. 1980ல சென்னை சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கே வந்து பட்டறை நடத்தினார். 1984ல லாகூர். ஜியா உல் ஹக்கோட ராணுவ ஆட்சி. மதீஹா கௌஹர் ‘அஜோக்கா’ன்னு ஒரு குழு தொடங்கறாங்க. முதல் நாடகம் இவரோட ‘ஜுலூஸ்’. ஊர்வலம்னு அர்த்தம். ஊர்வலமே போகக்கூடாதுன்னு வெச்சிருந்த காலத்துல ‘ஊர்வலம்’! ஆடினது அவங்க அம்மா வீட்டுப் புல்வெளியில.

டாக்காவுல வெத்தலப்பாக்கு வெச்சது டிக்கெட் வாங்கின ஜனம். லாகூர்ல வெச்சது பெத்த அம்மா. எங்களுக்கு யார் வைப்பாங்க?

இன்னொண்ணு. வெள்ளைக்காரன் 1876ல போட்ட நாடகச் சட்டம் இந்த மூணு நாட்டுக்கும் பொதுச்சொத்து, இன்னைக்கும் உயிரோட இருக்கு. பெரியப்பாவை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்ண.


ராயக்கோட்டை மண்டி
ஞாயிறு, இரவு 10:31

அம்மா வீட்டுப் புல்வெளி இருக்கறவங்க புரட்சி பண்ணலாம். எங்க வீட்டு வாசல்ல புளி காயுது.


மத்தூர் மல்கோவா
ஞாயிறு, இரவு 10:33

புளியை ஓரமா தள்ளிட்டு ஆடுங்க மண்டி அண்ணே.


கோர்ட்டு வாசல்
ஞாயிறு, இரவு 11:02

சட்டம் பத்தின வரியில பிழை இருக்கு. 1876ஆம் வருசத்து நாடக நிகழ்ச்சிகள் சட்டம் இந்தியாவுல உயிரோட இல்ல. 2018ல ரத்து ஆயிருச்சு. வங்கதேசம் அதுக்கு முன்னாடியே 2001ல எடுத்துருச்சு. தமிழ்நாட்டுக்குன்னு தனியா 1954ல ஒரு சட்டம் இருந்துது. நாடகப் பிரதியைப் போலீஸ்கிட்ட குடுத்துட்டு நிக்க வெச்ச சட்டம் அதுதான். பரீக்‌ஷா நாடகக் குழு நடத்தின ஞாநி வழக்குப் போட்டார். 2013ல சென்னை உயர் நீதிமன்றம் அதோட முக்கியப் பிரிவுகள் செல்லாதுன்னு சொல்லிருச்சு.

1876 சட்டம் வந்த கதை ருசியானது. வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தப்ப ஒரு வக்கீல் அவரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்கே கூட்டிட்டுப் போய் பொம்பளைங்களை விட்டு ஆரத்தி எடுக்க வெச்சார். ஊரே காறித் துப்புச்சு. ஒரு நாடகக் கம்பெனி அதைக் கிண்டலடிச்சு மேடையேத்துச்சு. உடனே அவசரச் சட்டம், அதே வருசம் முழுச் சட்டம். நூத்திநாப்பது வருசத்துக்கு மேல நாடகக்காரன் கழுத்துல கிடந்த கயிறு, எங்க ஆள் ஒருத்தர் போட்ட முடிச்சு. வக்கீல் சமூகம் சார்பா மன்னிப்பு கேட்டுக்கறேன்.


சின்னாறு
ஞாயிறு, இரவு 11:10

திருத்தினதுக்கு நன்றி சார். அப்ப பெரியப்பா மட்டும்தான் பாக்கி.


காவேரிப்பட்டணத்தான்
திங்கள், காலை 6:20

தம்பி, லாகூர்ல ராணுவம், இங்க உங்க பெரியப்பா. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சா தராசுக்கு அவமானம்.

எங்க தாத்தா கட்டை கட்டி ஆடினவர். புஜக்கட்டையும் கிரீடமும் வெச்ச மரப்பெட்டி இன்னும் எங்க பரண்ல இருக்கு. அதனால கொஞ்சம் காரமாவே சொல்றேன். நவீன நாடகம்னு நீங்க சொல்ற வார்த்தைக்குள்ள ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. கூத்து பழசு, நாம புதுசுங்கற கணக்கு. போன பாரதத்துல சூதாட்டம் அன்னைக்கு, கூத்தை நடத்திக் குடுக்கற கோமாளி கட்டியங்காரன் வந்து நின்னு, “தர்மராஜா, நாட்டை வெச்சு ஆடறீங்களே, ஓடிபி வந்துதா?”ன்னு கேட்டான். ஊரு விழுந்து விழுந்து சிரிச்சுது. ஆன்லைன் ரம்மியில பணத்தை விட்ட பையன் ஒருத்தன் முன்வரிசையில உட்கார்ந்திருந்தான், அவனுக்கு மட்டும் சிரிப்பு வரல. இதுல எதுங்க பழசு?

1977ல சென்னையில கூத்துப்பட்டறை தொடங்கின ந. முத்துசாமி, புரிசை கண்ணப்ப தம்பிரான் ஆட்டத்தைப் பார்த்துட்டு, தமிழனுக்கான தியேட்டர் இதுதான்னு சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார். அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. அவருக்கு அப்புறம் வந்தவங்கள்ல பல பேர் அடவையும், சுழன்று ஆடற கிர்க்கியையும் உருவிட்டுப் போய் ஏசி ஹால்ல ஆடினாங்க, எங்களை ‘நாட்டுப்புறம்’னு எழுதினாங்க. நீங்களும் ஒரு ராத்திரி கேக்கறீங்க. சரி. பதிலுக்கு என்ன குடுப்பீங்க?


சின்னாறு
திங்கள், காலை 6:55

அண்ணா, நியாயமான கேள்வி. பஸ்ல இருக்கேன், சாயங்காலம் ஒழுங்கா எழுதறேன். ஒண்ணு மட்டும்: ‘அஜோக்கா’ன்னா பஞ்சாபியில ‘இன்னைக்கான’ன்னு அர்த்தமாம். நீங்க சொல்ற கணக்குப்படி கட்டியங்காரனும் அஜோக்காதான்.


அரூர் டீச்சர்
திங்கள், இரவு 8:40

சின்னாறு தம்பி டாக்காவை டிக்கெட்டோட நிறுத்திட்டீங்க. எனக்குப் பிடிச்ச பகுதி அதுக்கப்புறம்தான் வருது.

டாக்காவுல அந்தக் குழுக்கள் ரொம்ப வருசம் ஆடின இடம் நாடகத்துக்காகக் கட்டினதே இல்ல. பெய்லி ரோட்டுல மகளிர் சமிதியோட ஹால். அங்க சாயங்காலம் சாயங்காலம் நாடகம் நடந்து நடந்து, அந்தத் தெருவுக்கே ‘நாடக சரணி’ன்னு பேர் வெச்சுட்டாங்க. நம்ம ஊர்ல தெருவுக்கு நாடகத்தோட பேர் வைக்கணும்னா எத்தனை கூட்டம் போடணுமோ.

அதே ஆளுங்களுக்கு 1980கள்ல ஒரு உறுத்தல். நாம படிச்சவங்களுக்கு மட்டும் ஆடிட்டு இருக்கோமேன்னு. டாக்கா தியேட்டர்ல எழுதிட்டு இருந்த செலிம் அல் தீன், 1981ல ‘கித்தன்கோலா’ன்னு ஒரு நாடகம் கொண்டு வர்றார். கதையே ஒரு கிராமத்துத் திருவிழாச் சந்தைதான். நிலம் போன விவசாயி, அங்க வந்து இறங்கற ஜாத்ரா (வங்காளத்து ஊர் நாடகம்) கம்பெனி ஆளுங்கன்னு போகும். எழுதினதோட விடல. நாசிருத்தீன் யூசுஃபும் இவரும் சேர்ந்து ‘கிராம் தியேட்டர்’னு ஒரு இயக்கமே தொடங்கி, ஊர்த் திருவிழாக்களோட நாடகத்தைக் கட்டினாங்க. சரியாப் பாருங்க: திருவிழாவுல ஒரு ராத்திரி கேக்கல, திருவிழாவையே எடுத்து நடத்தினாங்க. இன்னொரு பக்கம் ஆரண்யக் குழுவோட மாமூனுர் ரஷீத், நிலமில்லாத கூலிக்காரங்களோட போய் உட்கார்ந்து, அவங்க கதையை அவங்களையே நடிக்க வெச்சார். ‘முக்த நாடக்’னு பேர். கைப்பிரதியே கிடையாது.

இப்ப நேபாளம். மன்னராட்சியில பஞ்சாயத்து முறை, கட்சிக்கெல்லாம் தடை. 1982ல அசேஷ் மல்லவோட சர்வநாம் குழு, ‘நாங்கள் வசந்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்’னு வெட்டவெளியில ஆடினாங்க. பேரைக் கேட்டா காதல் கதை மாதிரி இருக்கும். பார்க்க வந்தவங்களுக்கு எந்த வசந்தம்னு தெரியும்.

சுனில் போக்ரேலோட ஆரோஹண் குழு காத்மாண்டுவுல ‘குருகுல்’னு ஒரு இடம் நடத்துச்சு. தங்கறது, படிக்கறது, ஆடறது எல்லாம் ஒரே வளாகத்துல. அவங்க கிராமங்களுக்கு எடுத்துட்டுப் போனது ‘கச்சஹரி நாடக்’. ஒரு பிரச்சினையைப் பாதி ஆடி நிறுத்துவாங்க. கூட்டத்துல இருந்து யாராவது எழுந்து வந்து, பாத்திரத்தை வாங்கி, தன் வழியில முடிக்கலாம். மூலம் பிரேசில்ல அகஸ்தோ போவால் செஞ்சது. கச்சஹரின்னா அவங்க ஊர்ல வழக்கு கேக்கற இடம். நம்ம பாட்டிங்க தாலுகா ஆபீஸைத் தாலுகா கச்சேரின்னு சொல்லுவாங்களே, அதே வார்த்தைதான். நாம பாட்டுக்கு எடுத்துக்கிட்டோம், அவங்க நாடகத்துக்கு எடுத்துக்கிட்டாங்க.

இதை என் ஒன்பதாம் வகுப்புல செஞ்சு பார்த்தேன். கதை நம்ம மாவட்டத்துக் கதைதான்: பொண்ணுக்கு பதினாலு வயசு, மாமன் கேட்டு வந்திருக்கான், அப்பா தலையாட்டிட்டார். நிறுத்தினேன். யாரு வர்றீங்கன்னேன். எல்லாரும் 1098க்கு போன் பண்ணுவாங்கன்னு எதிர்பார்த்தேன், சுவத்துல அதைத்தான் எழுதி ஒட்டியிருக்கோம். கடைசி பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு வந்தா. பொண்ணு பாத்திரத்தைக் கேக்கல, அம்மா பாத்திரத்தைக் கேட்டா. முந்தானையை இழுத்துச் சொருகற மாதிரி துப்பட்டாவை இடுப்புல சொருகிக்கிட்டு, “அண்ணா, காப்பி குடிங்க. கொல்லையில கேவுரு அறுக்காமக் கிடக்குது. தை போகட்டும், அப்புறம் மாட்டை வித்துட்டுப் பேசலாம்”னா. தை வந்தா மாசி, மாசி வந்தா பரீட்சைன்னு அடுக்கிக்கிட்டே போனா. வகுப்பே அமைதி ஆயிருச்சு. அவ எங்க கத்துக்கிட்டான்னு நான் கேக்கல.


காவேரிப்பட்டணத்தான்
திங்கள், இரவு 9:15

டீச்சரம்மா, கடைசிப் பகுதி மனசைப் பிசையுது. ஆனா கூட்டத்தை உள்ள இழுக்கறதுக்கு பிரேசில் வரைக்கும் போகணுமா? படுகளத்தன்னைக்கு முறத்துலயும் தொடப்பத்துலயும் அடி வாங்க ஜனம் வரிசை கட்டி நிக்குதே. அர்ச்சுனன் தபசு மரம் ஏறி எலுமிச்சம்பழம் வீசறப்ப கீழ மடியேந்தி நிக்கற பொம்பளைங்க யாரு, பார்வையாளரா?


அரூர் டீச்சர்
திங்கள், இரவு 9:22

அண்ணா, அடி வாங்கலாம், பழம் பிடிக்கலாம். கதையை மாத்த முடியுமா? திரௌபதி பாத்திரத்தை ஒரு பொம்பளை கேட்டு வாங்க முடியுமா?


மத்தூர் மல்கோவா
திங்கள், இரவு 9:23

அண்ணே, போன் சுவிட்ச் ஆஃப் ஆயிருச்சா?


பாம்பாறு
திங்கள், இரவு 11:48

நான் ஊத்தங்கரைப் பக்கம் அகதி முகாம்ல பிறந்தவள். அம்மாவுக்கு மட்டக்களப்பு. இந்த இழையை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். வெத்தலப்பாக்கு இடத்துல நிப்பாட்டச் சொன்னா. “அங்க வட்டக்களரி, சுத்திவர சனம். இங்க ஒரு பக்கம் திரை. மற்றபடி எல்லாம் ஒண்டுதான்”எண்டு சொன்னா. அங்க வாத்தியாரை அண்ணாவியார் எண்டு சொல்லுவினம். மத்தளம், சல்லரி. வடமோடி, தென்மோடி எண்டு ரெண்டு வகை. அம்மா தாளக்கட்டை இப்பவும் சொல்லுவா, சோறு வடிக்கேக்க.

இலங்கைக் கதையில நீங்க பேசிட்டு இருக்கற சண்டை அப்படியே இருக்கு. 1956ல சரச்சந்திரங்கற சிங்கள நாடகக்காரர் ‘மனமே’ போட்டார். சிங்கள நவீன நாடகம் அதுல இருந்துதான் தொடங்குதுன்னு சொல்லுவாங்க. அவர் கை வெச்சது நாடகம எண்ட கிராமத்து வடிவத்துல, அதுக்கு வேர் தமிழ்க் கூத்து. அதைப் பார்த்துத்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்துல இருந்த பேராசிரியர் வித்தியானந்தன், எங்கட கூத்தை நாங்களே ஏன் எடுக்கக்கூடாதுன்னு மட்டக்களப்புக் கிராமங்களுக்குப் போனார். 1962ல ‘கர்ணன் போர்’, 1964ல ‘இராவணேசன்’. இராவணனா ஆடினது அப்ப மாணவனா இருந்த மௌனகுரு. விடிய விடிய ஆடற கூத்தை ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கி, வட்டக்களரியை ஒரு பக்கம் திறந்த மேடை ஆக்கினாங்க. கொழும்பு கைதட்டுச்சு. படிச்ச சனம் கூத்துப் பார்க்க வந்துது. இது லாபம்.

நட்டம் என்னெண்டு கேட்டவர் அதே மட்டக்களப்புல சி. ஜெயசங்கர். சுருக்கி எடுத்துட்டுப் போனா கிராமத்துக்கு என்ன மிஞ்சும்? அதனால சீலாமுனை எண்ட ஊருக்குப் போய் அங்கத்தைய கூத்தர்களோடயே இருந்து, கூத்தை அந்த ஊர்க் களரியிலயே, ஊர் ஆளுகள் கையாலயே புதுசாக்கினாங்க. பொம்பளைகளை இழிவுபடுத்தற வரி, சாதி சொல்லற வரி, போரைக் கொண்டாடற வரி எல்லாத்தையும் ஊர்ல வெச்சே விவாதிச்சு மாத்தினாங்க. இதுக்குக் ‘கூத்து மீளுருவாக்கம்’னு பேர். டீச்சர் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதுல இருக்குன்னு நினைக்கறேன்.

யாழ்ப்பாணத்துல வேற மாதிரி. குழந்தை சண்முகலிங்கம் எழுதின ‘மண் சுமந்த மேனியர்’, 1985. சிதம்பரநாதன் நெறியாள்கை. சண்டை நடந்துட்டு இருந்த காலம். பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஊர் ஊரா கொண்டு போனாங்க. அம்மாவோட தங்கச்சி அப்ப யாழ்ப்பாணத்துல இருந்தவ, பார்த்திருக்கா. கதை என்னெண்டு கேட்டா சொல்லத் தெரியல. “எல்லாரும் அழுதாங்க, முடிஞ்ச பிறகும் எழும்பிப் போகல” எண்டு மட்டும் சொன்னாவாம்.

போர் ஓய்ஞ்சிருந்த 2004ல ‘ஜனகரலிய’ன்னு ஒரு நடமாடும் கூடாரம் கிளம்புச்சு. சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒண்டாத் தங்கி, ரெண்டு பாசையிலயும் நாடகம். ஊருக்கு வெளியில கூடாரம் அடிச்சு, சனத்தைச் சுத்திவர உட்கார வெச்சு ஆடுவாங்க.

நான் இதுல ஒண்டையும் கண்ணால பார்த்ததில்ல. எனக்குக் கூத்துன்னா ஊத்தங்கரையில பார்த்த கர்ண மோட்சம்தான். அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். பொன்னுருவி கர்ணன் மேல விழுந்து அழற இடத்துல அம்மா எழுந்து வெளியில போயிட்டா.


காவேரிப்பட்டணத்தான்
செவ்வாய், காலை 5:50

பாம்பாறு அம்மா, வாசிச்சேன். அந்த சீலாமுனை வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. ஊருக்குள்ள உட்கார்ந்து பேசி மாத்தினாங்கன்னா அதுக்கு நான் தலை வணங்கறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

டீச்சரம்மா, திரௌபதி கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. தாத்தா காலத்துல கேட்டிருந்தா செருப்பு பறந்திருக்கும். இப்ப சில இடத்துல பொண்ணுங்க கூத்து கத்துக்கிட்டு ஆடறாங்க. காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்து குருகுலத்துல பொண்ணுங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்க. எங்க பக்கம் இன்னும் ஆம்பளைதான் திரௌபதி.


ராயக்கோட்டை மண்டி
செவ்வாய், காலை 9:30

தக்காளி இறங்கிருச்சு, கொஞ்சம் நேரம் கிடைச்சுது. சிரிக்காம ஒண்ணு எழுதறேன்.

பத்து வருசம் முன்னாடி சிவமொக்கா பக்கம் சாகருக்கு லோடு போனேன். டிரைவர் அந்த ஊர்க்காரன். ராத்திரி லோடு இறக்க ஆள் வரலன்னு, “வாண்ணா, பக்கத்துல நாடகம்”னு ஹெக்கோடுக்குக் கூட்டிட்டுப் போனான். நீனாசம்ங்கற நாடக அமைப்பு இருக்கற ஊர். பாக்குத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு குக்கிராமம், அதுக்குள்ள இவ்வளவு பெரிய நாடக அரங்கம். முன்னாடி உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் பாக்கு உரிக்கறவங்க, தோட்டக்காரங்க. கன்னடம் எனக்கு மண்டிக் கன்னடம்தான், பாதி புரியல. பக்கத்துல ஒரு பெரியவர் வெத்தலையை மென்னுக்கிட்டே, “ஹோத வருஷத்து ராஜா இவனைவிட சென்னாகித்தா” (போன வருசத்து ராஜா இவனைவிட நல்லா இருந்தான்) அப்படின்னு விமரிசனம் சொன்னார். வெளிநாட்டு நாடகம்ங்க அது. ராஜா வேஷத்தை வருசா வருசம் ஒப்பிட்டுப் பார்க்கற அளவுக்கு அவங்களுக்குப் பழகியிருக்கு.

வந்து விசாரிச்சேன். 1949ல ஊர்க்காரங்களே தொடங்கினது. கே. வி. சுப்பண்ணா அதை வளர்த்தார், 1991ல மகசேசே விருது குடுத்தாங்க. 1985ல இருந்து ‘திருகாட’ன்னு ஒரு செட்டு வருசா வருசம் நாடகங்களைத் தூக்கிட்டு கர்நாடகா முழுக்கச் சுத்துது. ஊர் ஊராக் கூப்பிடறாங்க, காசு குடுக்கறாங்க. நம்ம கூத்துச் செட்டு மாதிரியேதான். வெத்தலப்பாக்கு அங்க விளையுது, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

சின்னாறு தம்பி, ஒரே ஒரு ராத்திரி கேட்டா பிச்சை மாதிரி இருக்கும். வருசா வருசம் வருவோம்னு சொல்லிக் கேளுங்க. மண்டியில புது வியாபாரிக்கு நாங்க முதல் கேள்வியே அதான் கேப்போம்: அடுத்த சந்தைக்கு வருவியா?


மத்தூர் மல்கோவா
செவ்வாய், காலை 9:41

மண்டி அண்ணன் அக்கவுண்டை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க.


கட்டியங்காரன் வீடு
செவ்வாய், இரவு 9:05

வணக்கம். எங்கப்பா கூத்துக் கலைஞர், முப்பது வருசமா கட்டியங்காரன் வேஷம். சின்னாறு அண்ணன் ஊருக்குப் போன பாரதத்துக்கு வந்ததும் எங்கப்பா செட்டுதான். அப்பா சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன்.

“எனக்குப் பெரிய விசயமெல்லாம் தெரியாது. மழைக்காலத்துல ஆறு மாசம் கட்டட வேலை, தை பொறந்தா கூத்து. செட்டுல பதினாலு பேரு. ஒரு ராத்திரிக் காசைப் பங்கு போட்டா பெட்டிக்கு ஒரு பங்கு, வாத்தியாருக்கு ரெண்டு, மிச்சம்தான் எங்களுக்கு. அதைச் சொல்லி அழறதுக்காக வரல.

“ஒரு தடவை ஒரு பெரிய ஊர் விழாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நல்ல காசு, ஏசி ரூம். இருபது நிமிசத்துல பதினெட்டாம் போர் பண்ணணும்னாங்க. வேஷம் திரைக்குப் பின்னாடி நின்னு விருத்தம் பாடி, திரையை ஆட்டி, முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் காட்டி வெளியில வரவே இருபது நிமிசம் ஆகும். துரியோதனன் இன்னும் திரைக்குள்ளதான் இருக்கான், ஒருத்தர் பக்கவாட்டுல நின்னு வாட்சைத் தட்டறார். நான் சபைக்குப் போய், ‘மகாராஜாவுக்கு நேரமாச்சாம், போர்ல தோத்துட்டார், எல்லாரும் வீட்டுக்குப் போங்க’ன்னேன். கைதட்டினாங்க. அதுவும் நாடகம்னு நினைச்சுக்கிட்டாங்க.

“அந்தப் பாகிஸ்தான் அம்மா கதை எனக்குப் பிடிச்சுது. அவங்களுக்கு ஒரு புல்வெளி இருந்துச்சு, நேரம் யாரும் தட்டல. தம்பிங்களுக்கு நான் சொல்றது இதான். முழு ராத்திரி கேக்காதீங்க, உங்களால தாங்க முடியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஜனத்தைத் தூங்காம வெக்கறது எவ்வளவு பெரிய வேலைன்னு உங்களுக்குத் தெரியாது. சொற்பொழிவு முடிஞ்சு ஜனம் வீட்டுக்குப் போய் களி தின்னுட்டு வர்றதுக்கும், நாங்க களரி கட்டறதுக்கும் நடுவுல ஒரு நேரம் இருக்கு. பந்தல் அப்ப சும்மாதான் கிடக்கும், பசங்க ஓடிப் பிடிச்சு விளையாடும். அதைக் கேளுங்க. ஊர்ல நான் பேசறேன். எங்க செட்டுக்கு வெக்கற தட்டுல ரெண்டு வெத்தலை கூட வெக்கச் சொல்றேன்.”

அப்பா இன்னொண்ணும் சொன்னார், டைப் பண்ண வேணாம்னார். நான் பண்றேன். திரௌபதி வேஷத்துக்கு நான் அடவு பழகறேன். வீட்டுக்குள்ளதான், வெளியில இன்னும் ஆடல.


அரூர் டீச்சர்
செவ்வாய், இரவு 9:09

கண்ணு, உன் பேரைச் சொல்லாத. ஆனா பழகறதை நிறுத்தாத.


காவேரிப்பட்டணத்தான்
செவ்வாய், இரவு 9:40

பரண்ல இருக்கற பெட்டியை இறக்கித் தொடைச்சு வைக்கறேன். கிரீடத்துல கண்ணாடி கொஞ்சம் உதிர்ந்திருக்கு. மார்ப்பதக்கம் நல்லா இருக்கு. யாருக்கு அளவு சரியா வருதோ வரட்டும்.


சின்னாறு
அடுத்த ஞாயிறு, இரவு 10:50

அண்ணன்மார், அக்காமாருக்கு, நடந்தது இது.

கட்டியங்காரன் ஐயா நேத்து சாயங்காலமே வந்துட்டார். பெரியப்பா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து முக்கால் மணி நேரம் மழையைப் பத்தியும் மாட்டைப் பத்தியும் பேசினாங்க. நாடகம்ங்கற வார்த்தையே வரல. எழுந்து போகறப்ப, “பசங்க சாயங்காலம் ஏழு மணிக்கு என்னமோ பண்ணிக்கட்டும், பந்தல் சும்மாதான கிடக்குது”ன்னார். பெரியப்பா, “சும்மாத்தான் கிடக்குது”ன்னார். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

இன்னைக்குக் கூட்டத்துல முடிவாச்சு. ஒண்ணில்ல, மூணு சாயங்காலம். மண்டி அண்ணன் சொன்ன மாதிரி அடுத்த பாரதத்துக்கும் வருவோம்னு சொன்னோம். அஞ்சு வருசம் கழிச்சு எவன் எங்க இருப்பானோன்னு பெரியப்பா சிரிச்சார், ஆனா நோட்டுல எழுதச் சொன்னார்.

நிபந்தனை: எட்டரைக்கு முடிக்கணும். எட்டே முக்காலுக்குச் செட்டு அரிதாரம் பூச உட்காரும், பந்தல் லைட்டு அவங்களுக்கு வேணும். கூத்து பெஞ்சுல ஏறக்கூடாது, அது வாத்தியார் உட்கார்ற இடம். தரையிலதான் ஆடணும். பாதல் சர்க்கார் கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பார்.

காவேரிப்பட்டணத்து அண்ணன் கேட்ட, பதிலுக்கு என்ன குடுப்பீங்கங்கற கேள்விக்கு இப்போதைக்கு எங்ககிட்ட இருக்கறது இதான்: கூத்து நடக்கற அத்தனை ராத்திரியும் திரை பிடிக்க ரெண்டு பேர், பெட்டி தூக்க நாலு பேர். ஷிப்ட் மாத்திக்கிட்டோம்.


பாம்பாறு
அடுத்த ஞாயிறு, இரவு 11:04

அம்மா வரணுமாம். ஊத்தங்கரைக்குத் திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?


ராயக்கோட்டை மண்டி
அடுத்த ஞாயிறு, இரவு 11:06

எட்டரைக்கு அப்புறம் நேரடி பஸ்சை நம்பாதீங்க. விடியற வரைக்கும் கூத்துப் பாருங்க. நாலு மணிக்கு நம்ம தக்காளி வண்டி கிருஷ்ணகிரி போகும், முன்னாடி சீட்டுல அம்மாவை உட்கார வெச்சுக்கலாம்.